வேக்குவம் வாங்கப் போகிறீர்களா? முதுகுப் பக்கம் பாருங்கள்

எங்கள் புளோக்கில் ஏழாவது மாடியில் இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் ஃபோன், அதில் தூளையும் தண்ணீரையும் இழுக்கும் ஈரம்-உலர் வேக்குவம் இரண்டின் படம். "அக்கா, இது 1200 வாட், அது 1600 வாட். பத்து வெள்ளிதான் வித்தியாசம். பெரிசையே வாங்கிடட்டுமா?" என்றார். ஏழாவது மாடி வந்தது, கதவு திறந்தது, மூடியது. அவர் இறங்கவில்லை. பதினொன்றாவது மாடி வரை என்னோடு வந்து, என் வீட்டு வாசலில் நின்று அரை மணி நேரம் கேட்டுவிட்டுப் போனார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

வீட்டில் எனக்கு ஒரு மரவேலைப் பட்டறை உண்டு. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சிங்கப்பூரில் யீஷூன் பக்கம் நாலறை வீடு. அடுப்படிக்குப் பின்னால் வாஷிங் மெஷின் நிற்கும் யார்டில் மடக்கு மேசையை விரித்தால் அதுதான் பட்டறை. சாமான்கள் எல்லாம் பாம் ஷெல்ட்டருக்குள், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் அந்தக் கான்கிரீட் பாதுகாப்பு அறைக்குள். ஒரு வட்ட ரம்பம், உப்புத்தாள் தேய்க்கும் சாண்டர் ஒன்று, மரத்தில் விளிம்பும் பள்ளமும் செதுக்கும் சின்ன ரவுட்டர் ஒன்று, ஒரு டிரில். இவற்றை வைத்துக்கொண்டு பூஜை மாடம், செருப்பு அலமாரி, பிள்ளைகளுக்கு முக்காலி என்று செய்துகொண்டிருக்கிறேன். அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் தச்சு வேலை பார்த்தவர். உப்புத்தாள் தேய்க்க அவரிடம்தான் கற்றேன். தூசியை என்ன செய்வது என்பதை மட்டும் அவர் கற்றுத்தரவில்லை. வாசலில் சட்டையை உதறிவிட்டு உள்ளே வருவார், அவ்வளவுதான்.

நான் முதலில் வாங்கிய வேக்குவம் 1800 வாட், 30 லிட்டர் எவர்சில்வர் தொட்டி. கடையில் பளபளவென்று நின்றது. விசையைப் போட்டதும் விமானம் கிளம்பும் சத்தம். இவ்வளவு சத்தம் போடுகிறதே, நன்றாகத்தான் இழுக்கும் என்று தூக்கி வந்துவிட்டேன். இழுக்கத்தான் செய்தது, குறை சொல்ல முடியாது. ஒரு சனிக்கிழமை, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை நான்கைச் சாண்டரில் தேய்த்தேன். ஹோஸை சாண்டரின் பின்னால் மாட்டியிருந்ததால் மேசையில் பொடி ஒரு சிட்டிகைகூட விழவில்லை. பெருமையாக இருந்தது. சாயங்காலம் சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனால், பழைய எண்ணெய்மேல் பழுப்பாக ஒரு படலம். விரலால் தொட்டால் மாவு.

சாமி மாடம் இருப்பது கூடத்தில், யார்டிலிருந்து அடுப்படி தாண்டி. அவ்வளவு தூரம் அந்த மாவு எப்படிப் போனது? அன்று ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வேக்குவத்தை ஓடவிட்டேன். அதன் முதுகில் காற்று வெளியேறும் சல்லடை இருக்கிறதல்லவா, அதன் குறுக்கே டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். சாம்பிராணி போட்ட மாதிரி புகை சுருண்டு சுருண்டு வந்தது. முன்னால் இழுத்த மாவையெல்லாம் பின்னால் ஊதிக்கொண்டிருந்தது அந்த 1800 வாட்.

அதனால்தான் தம்பியிடம் வாட் பேச்சையே எடுக்க வேண்டாம் என்றேன். நம்மைப் போல அடுக்குமாடி வீட்டுக்குள் வேலை செய்கிறவர்களுக்கு, வேக்குவம் எதை உள்ளே இழுக்கிறது என்பது இரண்டாம் கேள்வி. எந்தக் காற்றை வெளியே விடுகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். தனி வீட்டுக்காரர்கள் கொல்லையில் வைத்து ஓட்டலாம். நமக்கு அடுப்படியும் பட்டறையும் ஒரே காற்று.

வடிகட்டி

சீவலும் கரடான தூளும் கீழே விழுந்துவிடும், கூட்டி அள்ளிவிடலாம். தொந்தரவு கண்ணுக்குத் தெரியாத பொடியால்தான். அது மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும், நுரையீரலின் அடிவரை போகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995-இலேயே சேர்த்துவிட்டது. சுவரில் துளை போடும்போது வரும் சிமெண்டுத் தூளில் சிலிக்கா உண்டு, அதுவும் அதே பிரிவு. வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீட்டுச் சுவர்கள் பல கான்கிரீட். திரைச்சீலைக் கம்பி மாட்ட நாலு துளை போட்டாலே தரையில் வெள்ளைப் பொடி படிந்துவிடும்.

அதனால் பெட்டியைப் பிரித்துத் தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள். என் பழைய இயந்திரத்தில் இருந்தது மோட்டாரைச் சுற்றிக் கட்டிய வெறும் துணி உறை. சிலவற்றில் கறுப்பு ஸ்பாஞ்சு உறை இருக்கும். ஸ்பாஞ்சு தண்ணீருக்கு மட்டும்தான். அதை வைத்து மரத்தூள் இழுத்தால் என் விளக்கு எண்ணெய் கதைதான். உலர்ந்த தூளுக்கு வேண்டியது மடிப்பு மடிப்பாக இருக்கும் வடிகட்டி. உருளை வடிவிலும் வரும், தட்டையாகப் பெட்டி போலவும் வரும். தட்டையானதை மூடியைக் கழற்றாமலே வெளியே இழுத்தெடுக்கலாம். கார்ச்சர் நிறுவனத்தின் டபிள்யூடி வரிசையில் 3-ஆம் எண் உருளை வகை, 5-ஆம் எண் தட்டை வகை. கூடுதல் விலையில் கிடைக்கும் முக்கிய வசதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மூடியைத் திறக்கும்போது எழும்பும் தூசிமேகம் அதில் இருக்காது.

மடிப்பு வடிகட்டிக்கு முன்னால் ஒரு பை போட வேண்டும். காகிதப் பை வேண்டாம், ஃப்ளீஸ் எனப்படும் நாரிழைப் பை. காகிதப் பை கூரான மரச்சில் பட்டால் கிழியும், ஈரம் பட்டால் கூழாகும். நாரிழைப் பை இரண்டையும் தாங்கும். பொடியில் பெரும்பகுதி பையிலேயே நின்றுவிடுவதால் வடிகட்டி அடைக்காது, வடிகட்டி அடைக்காததால் இழுவை குறையாது. பையைப் பிதுக்காமல், வாயை மூடி, குப்பைப் பையில் போட்டு இறுகக் கட்டிய பிறகே குப்பைத் தொட்டி. கட்டாமல், மாடியிலிருந்து கீழே போகும் குப்பைக் குழாயில் போட்டுப் பாருங்கள், கீழே விழுந்து வெடிக்கும் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

பெட்டியின் மேல் எல், எம், எச் என்று ஒற்றை எழுத்து இருந்தால் அது அலங்காரம் இல்லை. தூசி வகுப்பு. எல் வகை 100-இல் 1 பங்குக்கு மேல் தூசியை வெளியே விடக்கூடாது. எம் என்றால் 1000-இல் 1 பங்கு. எச் என்றால் ஒரு லட்சத்தில் 5 பங்கு. எம் வகை இயந்திரத்துக்கு இன்னொரு கடமையும் உண்டு: ஹோஸுக்குள் காற்றின் வேகம் வினாடிக்கு 20 மீட்டருக்குக் கீழே போனால் அதுவே கத்த வேண்டும். பை நிறைந்தது, ஹோஸ் அடைத்தது என்று நாம் கவனிக்கும் முன் அது சொல்லிவிடும். நல்ல ஏற்பாடுதான், விலையும் அதற்கேற்பப் பல மடங்கு. பிழைப்பே இதுதான் என்றால், அல்லது வாரம் தவறாமல் சிமெண்டில் துளை போடுகிறீர்கள் என்றால் எம். என்னைப் போல வாரக் கடைசியில் பிளைவுட் அறுப்பவர்களுக்கு எல் வகை இயந்திரம், நாரிழைப் பை, அதே மாடலுக்கு ஹெப்பா தரத்தில், அதாவது மிக நுண்ணிய பொடியையும் பிடிக்கும் தரத்தில், தனியாகக் கிடைக்கும் வடிகட்டி, முகத்தில் ஒரு என்95 கவசம். இந்த நாலும் சேர்ந்தால் போதும் என்பது என் முடிவு. முகக்கவசத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள். வட்ட ரம்பம் எல்லாத் திசையிலும் துப்பும், எந்த வேக்குவமும் முழுதாகப் பிடிக்காது.

பெட்டியில் ஹெப்பா என்று அச்சடித்திருந்தாலும் ரப்பர் வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். வடிகட்டி உட்காரும் இடத்தில் வளையம் லொடலொடவென்று இருந்தால், எவ்வளவு நல்ல வடிகட்டியாக இருந்தும் காற்று பக்கவாட்டில் நழுவிப் போகும். வாங்கி வந்த அன்றைக்கே அந்த டார்ச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரு கைப்பிடி கோதுமை மாவு போதும், ராத்திரி நேரம் வேண்டும். திருப்பிக் கொடுக்க ரசீதையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வாட், மில்லிபார், பபிள் டீ

சரி, இழுவைக்கு வருவோம். வாட் என்பது இயந்திரம் எவ்வளவு மின்சாரம் சாப்பிடுகிறது என்பது மட்டும்தான். எவ்வளவு வேலை செய்கிறது என்று அது சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பரிலிருந்து சாதாரண வீட்டு வேக்குவத்துக்கு 900 வாட் என்று உச்சவரம்பே போட்டுவிட்டது. ஈரம்-உலர் வகைக்கு அந்த வரம்பு கிடையாது. அதனால்தான் நம் வகையில் இன்னமும் வாட் எண்ணைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள்.

பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. ஒன்று மில்லிபார் அல்லது கிலோபாஸ்கல் கணக்கில் வரும் உறிஞ்சும் அழுத்தம். மற்றது வினாடிக்கு இத்தனை லிட்டர் என்று வரும் காற்றோட்டம். பபிள் டீ கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஸ்டிராவில் கன்னத்தை உள்வாங்கி எவ்வளவு உறிஞ்சினாலும் அடியில் கிடக்கும் கறுப்பு உருண்டை வராது. தடித்த ஸ்டிரா போட்டால் லேசாக இழுத்தாலே வாய்க்குள் வந்துவிடும். அழுத்தம் கன்னத்தின் பலம், காற்றோட்டம் ஸ்டிராவில் போகும் அளவு. சாண்டர் தூள், தரையில் நிற்கும் தண்ணீர், இடுக்கில் ஒட்டிய பொடி இவற்றுக்கு அழுத்தம் வேண்டும். ரவுட்டரும் இழைப்பு இயந்திரமும் துப்பும் சுருள்களுக்கு அகலமான ஹோஸும் தாராளமான காற்றோட்டமும் வேண்டும்.

இதில் ஒரு சூது இருக்கிறது. ஒரு நிறுவனம் காற்றோட்டத்தை மோட்டாரின் வாயில் அளந்து போடும், இன்னொன்று ஹோஸின் நுனியில் அளந்து போடும். மோட்டார் வாயில் எண் எப்போதும் பெரிதாகத்தான் வரும். அதனால் இரண்டு நிறுவனங்களின் எண்களைப் பக்கத்தில் வைத்துச் சண்டை மூட்டுவதில் பயனில்லை. ஒரே நிறுவனத்தின் சிறியதையும் பெரியதையும் ஒப்பிட மட்டும் உதவும். அழுத்தம் 200 மில்லிபாரை ஒட்டி இருந்தால் வீட்டு வேலைக்குக் குறை இல்லை.

ஹோஸ்: பாதிப் பேர் தலையைச் சொறியும் இடம்

வேக்குவம் வாங்கப் போகும்போது உங்கள் சாண்டரையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். எம்ஆர்டி ரயிலில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஜாலான் புசார் பக்கம் இரும்புச் சாமான் கடைகளில் நான் அப்படித்தான் போனேன். கடைக்காரச் சீன அங்கிள் என் சாண்டரை வாங்கி, அதன் தூசிக்குழாயை ஒவ்வொரு ஹோஸின் வாயிலும் நுழைத்து நுழைத்துப் பார்த்தார். மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அவர் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இந்த விஷயத்தில் உலகத்தில் யாரும் யாரோடும் ஒத்துப்போகவில்லை. வேக்குவம் ஹோஸ் 27, 32, 35, 36 மி.மீ. என்று பல அளவில் வரும். சாண்டரின் குழாயோ அந்தந்த நிறுவனத்தின் இஷ்டம். உள்விட்டம் சொல்கிறார்களா வெளிவிட்டம் சொல்கிறார்களா என்பதும் தெளிவாக இருக்காது.

படிக்கட்டுப் போல அடுக்கடுக்காகச் சிறுத்துப் போகும் ரப்பர் இணைப்பான் ஒன்று பெட்டியோடு வந்தால் நல்லது. அதைக் கத்தியால் உங்கள் அளவில் வெட்டிக்கொள்ளலாம். வரவில்லையா, பழைய சைக்கிள் டியூப் இருக்கிறது. கைவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பாதியை சாண்டர் குழாயில் ஏற்றி, மறுபாதியை ஹோஸ்மேல் இழுத்துவிட்டு, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முடுக்கினால் காற்றுகூடக் கசியாது. சாண்டரின் அதிர்வையும் டியூப் வாங்கிக்கொள்ளும், ஹோஸ் கையை இழுக்காது. பிளாஸ்டிக் இணைப்பான் இரண்டு வாங்கி உடைத்த பிறகுதான் இந்த புத்தி எனக்கு வந்தது.

நீளம் 2 மீட்டர் என்று பெட்டியில் இருந்தால், தரையிலிருந்து மேசை உயரம் ஏறியதுமே பாதி தீர்ந்துவிடும். மூன்றரை மீட்டர் ஹோஸ் தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் நீட்டினால் இழுவை விழும். அப்புறம் இந்த 'சுளீர்'. உலர்ந்த தூள் பிளாஸ்டிக் ஹோஸுக்குள் உரசிக்கொண்டு ஓடும்போது நிலைமின்சாரம் சேர்ந்து, கைப்பிடியைத் தொடும்போது கடிக்கும். ஆபத்தில்லை, எரிச்சல்தான். ரம்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது கை துள்ளினால் மட்டும் அது ஆபத்து. நிலைமின்சாரம் சேராத ஹோஸ் கூடுதல் விலையில் உண்டு. அது வேலை செய்ய இயந்திரத்தின் பக்கமும் தரை இணைப்பு இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத இயந்திரத்தில் ஹோஸை மட்டும் மாற்றிப் பயனில்லை.

தண்ணீர்

ஈரத்துக்கும் ஆகும் என்பதால்தானே இந்த வகையையே வாங்குகிறோம். சாதாரண வீட்டு வேக்குவத்தில் இழுத்த காற்றே மோட்டாரைக் குளிர்விக்கும், தண்ணீர் உள்ளே போனால் கதை முடிந்தது. ஈரம்-உலர் வகையில் மோட்டாருக்குத் தனிக் காற்று வழி. தொட்டிக்குள் ஒரு மிதவையும் இருக்கும். தண்ணீர் மேலே ஏறினால் மிதவை எழும்பி உறிஞ்சும் வழியை அடைத்துவிடும்.

எங்கள் வாஷிங் மெஷினின் கழிவுக்குழாய் ஒருநாள் கழன்றுவிட்டது. யார்டின் தரைத்துவாரத்தைப் பார்த்தே சரிவு போட்டிருந்தும், முக்கால்வாசித் தண்ணீர் அடுப்படி பக்கம்தான் ஓடியது. வேக்குவத்தை எடுத்து வந்து வைத்தேன். கொர்ரென்று நன்றாக இழுத்துக்கொண்டே இருந்த சத்தம் திடீரென்று 'வீ' என்று மெல்லியதாக ஏறியது, ஹோஸ் செத்துப்போன மாதிரி கையில் தொங்கியது. பழுதாகிவிட்டது என்று பதறிவிட்டேன். மிதவை மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். தொட்டி 20 லிட்டர் என்றால் தண்ணீர் 20 லிட்டர் பிடிக்காது. மிதவை அதற்கு முன்பே நிறுத்திவிடும். அப்படியும் பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். குனிந்து தூக்கிக் கவிழ்க்கும்போது இடுப்பு ஒரு சத்தம் போட்டது. அதனால் இப்போது யாருக்குச் சொன்னாலும் அடியில் வடிகால் மூடி உள்ள மாடலாகப் பாருங்கள் என்பேன். தரைத்துவாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி மூடியைத் திருகினால் தானே வடிந்துவிடும். வடிவது வெறும் தண்ணீராக இருக்க வேண்டும். மரத்தூளும் சிமெண்டுப் பாலும் கலந்ததை அங்கே விட்டால் துவாரம் அடைத்து, கீழ்வீட்டுக்காரர் வந்து நிற்பார்.

அன்று இன்னொரு தப்பும் செய்தேன். உள்ளே காகிதப் பை இருந்ததை மறந்துவிட்டேன். பாதி நிறைந்த மரத்தூள் பை தண்ணீரில் ஊறிக் கஞ்சியாகிவிட்டது. அதை வழித்தெடுத்தபோதே வடிகட்டியையும் கழற்றிக் காயவைத்திருக்க வேண்டும். அலுப்பில் மூடியைப் போட்டு பாம் ஷெல்ட்டருக்குள் தள்ளிவிட்டேன். அந்த அறையில் காற்றே நகராது என்பது தெரிந்ததுதானே. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பத்து நாள் கழித்துத் திறந்தால் வடிகட்டி மடிப்புக்குள் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். ஓட்டினால் ஊசிப்போன சோற்று வாடை வீடெங்கும். வடிகட்டியைத் தூக்கிப்போட்டேன், 30 வெள்ளி.

இப்போதைய வழக்கம் இது. தண்ணீர் இழுக்கும் முன் பையை எடுத்துவிடுவேன். ஈரத்தோடு சேர்த்தே பயன்படுத்தலாம் என்று கையேட்டில் சொல்லியிருக்கும் வடிகட்டியாக இருந்தால் விடுவேன், இல்லையென்றால் ஸ்பாஞ்சு உறைக்கு மாற்றுவேன். முடிந்ததும் தொட்டியைக் கழுவி, ஹோஸைத் துணிக்கம்பில் தொங்கவிட்டு, மூடியைத் திறந்தபடி ஒரு ராத்திரி மின்விசிறிக்கு முன்னால். வடிகட்டி முழுதாகக் காயாமல் உலர்ந்த தூளை இழுத்தால் மடிப்புக்குள் மாவு பிசைந்து அப்பிய மாதிரி ஆகிவிடும், பிறகு தட்டினாலும் உதிராது.

ஈரத்தில் வேலை என்பதால் மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி 2023 ஜூலை முதல் சிங்கப்பூரில் எல்லா வீடுகளுக்கும் கட்டாயம். உங்கள் மின்பெட்டியில் அது இருக்கிறதா, சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று ஒருதடவை பார்த்துவிட்டு அப்புறம் தண்ணீரில் நில்லுங்கள்.

மின்சாக்கெட்டோடு வரும் வகை

சில மாடல்களின் உடம்பிலேயே ஒரு சாக்கெட் இருக்கும். சாண்டரை அதில் செருகினால், சாண்டரை முடுக்கியதும் வேக்குவம் தானே ஓடும். சாண்டரை நிறுத்தினால் சில வினாடிகள் கூடுதலாக ஓடி, ஹோஸில் மிச்சமிருப்பதை இழுத்துவிட்டு நிற்கும். ஆடம்பரம் என்று நினைத்தேன். வாங்கிய பிறகு, இதற்குத்தான் முதலில் காசு கொடுத்திருக்க வேண்டும் என்று புரிந்தது. சோம்பல்தான் காரணம். 'ஒரே ஒரு வெட்டுத்தானே' என்று வேக்குவத்தை ஓட்டாமல் அறுக்கும் பழக்கம் அதோடு போய்விட்டது.

இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நம் சுவர் சாக்கெட் 13 ஆம்பியர், 230 வோல்ட், பெருக்கினால் 3000 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. 1200 வாட் வேக்குவமும் 1400 வாட் ரம்பமும் அதற்குள் அடங்கும். ஆனால் வேக்குவத்தின் சாக்கெட்டுக்குத் தனி உச்சவரம்பு எழுதியிருக்கும், அது இதைவிடக் குறைவாக இருக்கலாம். பெரிய வாட் இயந்திரம் வாங்கினால் இந்த இடத்திலும் நமக்குத்தான் நட்டம். ரம்பத்துக்கு மிச்சம் இருக்காது. பழைய நீட்டிப்புக் கம்பியைச் சுருட்டியபடியே வைத்து ஓட்டாதீர்கள், சுருளுக்குள் சூடேறும்.

மலிவாக இருக்கிறதே என்று வெளிநாட்டுத் தளத்தில் வாங்குவோர் செருகியைப் பாருங்கள். இங்கே சட்டப்படி விற்கும் வேக்குவத்தில் பாதுகாப்பு முத்திரை இருக்கும். 110 வோல்ட் இயந்திரத்தை வாங்கிவந்து நம் சாக்கெட்டில் செருகினால் ஒரே ஒருதடவைதான் ஓடும்.

இடமும் சத்தமும்

தொட்டி 15 முதல் 20 லிட்டர் போதும். முப்பது லிட்டர் வாங்கி அதை நான் தினமும் ஒரு முறை சுற்றிக்கொண்டு துணி காயப்போட்டேன். வாங்கும் முன் பாம் ஷெல்ட்டருக்குள் அது நிற்கப்போகும் இடத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஹோஸைச் சுற்றி மாட்ட இயந்திரத்தின் தலையில் கொக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அது பாம்பு மாதிரி அவிழ்ந்து விழுந்துகொண்டே இருக்கும். சக்கரம் சின்னதாக இருந்தால் யார்டு வாசற்படியில் ஏறாது.

சத்தம் பற்றிப் பெட்டியில் டெசிபல் போட்டிருந்தால், பத்து குறைந்தால் காதுக்கு ஏறக்குறைய பாதியாகக் கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீவக வீட்டுப் புதுப்பிப்பு வேலைகளுக்குத் திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 என்று நேரம் வைத்திருக்கிறது, ஞாயிறும் பொது விடுமுறையும் கூடாது. நம் பொழுதுபோக்கு அந்தக் கணக்கில் வருமா என்று வாதாடிக்கொண்டிருக்காமல் அதையே நம் நேரமாக வைத்துக்கொண்டால் வம்பில்லை. மேல்வீட்டு மலாய் அம்மாவின் பேரக்குழந்தை இரண்டு மணிக்குத் தூங்கும் என்பதால் நான் அப்போது உப்புத்தாளைக் கையாலேயே தேய்ப்பேன். ரப்பர் விரிப்பு ஒன்றை வேக்குவத்துக்கு அடியில் போட்டால் தரை வழியே கீழ்வீட்டுக்குப் போகும் உறுமல் நன்றாகக் குறைகிறது.

எதை இழுக்கவே கூடாது

ஹோமகுண்டச் சாம்பல், ஊதுபத்திச் சாம்பல், சாம்பிராணிக் கரி: ஆறிவிட்டது என்று நமக்குத் தோன்றும், உள்ளே கனல் இருக்கும், தொட்டி நிறைய உலர்ந்த மரத்தூள் காத்திருக்கும். இரும்பு அறுக்கும்போது பறக்கும் பொறியும் அப்படித்தான். தின்னர், பெட்ரோல் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. அலுமினியத் தூளும் வேண்டாம். எண்ணெய் வார்னிஷ் அடித்த பலகையைத் தேய்த்த தூள் பையில் அடைந்து கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், அதை அன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.

பழையது வாங்கலாமா என்று தம்பி கேட்டார். பழைய சாமான் விற்கும் கேரசெல் தளத்தில் நல்லது கிடைக்கும், வீடு மாறுகிறவர்கள் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். போய்ப் பார்க்கும்போது மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், பூசண வாடை வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஹோஸ் வாயை உள்ளங்கையால் மூடினால் மோட்டாரின் சத்தம் ஏற வேண்டும், மூடியின் ஓரத்தில் உஸ் என்று காற்று கசியக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த மாடலுக்கு வடிகட்டியும் பையும் இன்னமும் கடையில் விற்கிறார்களா, என்ன விலை என்று வீட்டிலேயே தேடிவிட்டுப் போங்கள். புதிது வாங்கினாலும் இதே விதிதான். எண்பது வெள்ளி இயந்திரத்துக்கு வடிகட்டி கிடைக்காவிட்டால் அது எண்பது வெள்ளி வாளி.

தம்பி கடைசியில் 1200 வாட்டையே வாங்கிவிட்டார். 20 லிட்டர் தொட்டி, தட்டை வடிகட்டி, உடம்பில் சாக்கெட், அடியில் வடிகால் மூடி. நேற்று ராத்திரி டார்ச் சோதனை வீடியோவை அனுப்பியிருந்தார். ஒளியில் ஒன்றும் தெரியவில்லை, இருட்டுதான். அதற்குக் கீழே ஒரு வரி: "அக்கா, ஹோஸ் சாண்டரில் மாட்ட மாட்டேங்குது." சனிக்கிழமை சைக்கிள் டியூபோடு மேலே வரச் சொல்லியிருக்கிறேன்.